மணி அடித்தது! போனைக் கொண்டு வந்த விளம்பரம் எது?

அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டி என்று ஒரு நகரம் இருக்கிறது. 1880-களில் அங்கே ஒருவர் கடை வைத்திருந்தார். அவர் பெயர் ஆல்மன் ஸ்ட்ரோஜர்.

ஸ்ட்ரோஜர் முதலில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். பிறகு வேறு தொழிலுக்கு வந்தார். என்ன தொழில் தெரியுமா?

இறந்தவர்களை அடக்கம் செய்து கொடுக்கும் தொழில்!

டெலிபோன் அப்போது புதிது. தன் கடைக்கும் போன் வரும், தொழில் பெருகும் என்று ஸ்ட்ரோஜர் காத்திருந்தார்.

போன் வரவில்லை.

ஊரில் சாவு விழாமல் இல்லை. மற்ற கடைக்காரர்களுக்குத் தொழில் நடந்து கொண்டுதான் இருந்தது. ஸ்ட்ரோஜரின் கடையில் மட்டும் டெலிபோன் ஊமையாக இருந்தது.

"எனக்கு வர வேண்டிய போன் எங்கே போகிறது?"

இந்த ஒரு கேள்வி அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது.

நடுவில் ஒரு பெண்

அந்தக் காலத்து டெலிபோனில் எண்களைச் சுழற்றும் வட்டு கிடையாது. பொத்தான்களும் கிடையாது. போனை எடுத்தால், எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண் பேசுவாள். "யார் வேண்டும்?" என்று கேட்பாள். பெயரைச் சொன்னால் இணைப்புக் கொடுப்பாள்.

1878-ம் ஆண்டு நியூ ஹேவன் என்ற அமெரிக்க ஊரில் முதல் டெலிபோன் டைரக்டரி வெளிவந்தது. அது ஒரே ஒரு தாள். அதில் 50 பெயர்கள் இருந்தன. எண்களே இல்லை! பெயரைச் சொன்னால் போதும், மற்றதை எக்ஸ்சேஞ்சு பார்த்துக் கொள்ளும்.

எனவே, யாருடைய போன் யாருக்குப் போக வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் கையில் இருந்தது. கான்சாஸ் சிட்டி எக்ஸ்சேஞ்சில் இருந்த பெண், போட்டிக் கடைக்காரரின் மனைவி என்று ஒரு கதை இன்று வரை சொல்லப்படுகிறது. ஸ்ட்ரோஜரைக் கேட்டு வந்த போன்களை அவள் தன் கணவருக்குத் திருப்பி விட்டாளாம்!

ஸ்ட்ரோஜருக்குக் கோபம் வந்தது. நடுவில் ஆளே இருக்கக் கூடாது என்று முடிவு கட்டினார். வட்டமான ஒரு காலர் பெட்டி, சில குண்டூசிகள். இவற்றை வைத்து அவர் முதல் மாதிரியைச் செய்தார் என்று சொல்வார்கள்.

பொத்தானை எத்தனை முறை அழுத்துகிறோமோ, அத்தனை படி ஒரு கம்பி நகரும். வேண்டியவருடைய இடத்தில் போய் நிற்கும். யாரும் குறுக்கே வர முடியாது. இதுதான் ஸ்ட்ரோஜரின் யோசனை.

1889-ல் அவர் இதற்கு மனுப் போட்டார். 1891-ல் காப்புரிமை கிடைத்தது. 1892-ம் ஆண்டு நவம்பர் 3-ந் தேதி, இண்டியானா மாநிலத்தில் லா போர்ட் என்ற ஊரில் முதல் ஆட்டோமேடிக் எக்ஸ்சேஞ்சு திறக்கப்பட்டது.

நம் நாட்டிலும் ஸ்ட்ரோஜர் முறை எக்ஸ்சேஞ்சுகள் பல ஆண்டுகள் ஓடின. 1948-ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், இந்த எக்ஸ்சேஞ்சுகளைத் தயாரித்தது. ஒரு சின்னக் கடைக்காரரின் மனக்குறையில் பிறந்த யந்திரம் கடல் கடந்து இங்கேயும் வந்து சேர்ந்தது!

இன்றைய கேள்வி

இன்று நடுவில் யாரும் இல்லை. செல்போனில் பத்து எண்களை அழுத்தினால் கடைக்காரரே பேசுவார். ஆனால், இன்னொரு கேள்வி முளைத்து விட்டது.

"எனக்கு வந்த போன் எங்கிருந்து வந்தது?"

எந்த ஊரிலிருந்து என்பதல்ல கேள்வி. எந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தது என்பதே கேள்வி.

சின்னத் தொழில் செய்கிறவர்கள் இப்போது எத்தனை இடங்களில் விளம்பரம் செய்கிறார்கள், பாருங்கள். பேப்பருக்குள் நோட்டீஸ் வைக்கிறார்கள். ஆட்டோவின் பின்னால் எழுதுகிறார்கள். சுவரில் எழுதுகிறார்கள். லோக்கல் கேபிள் டி.வி.யில் எழுத்து ஓட விடுகிறார்கள். சிவகாசியில் காலண்டர் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். கோவில் திருவிழாவுக்குத் தட்டி கட்டுகிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கூகுள் வரைபடத்தில் கடையின் பெயரைப் பதிவு செய்கிறார்கள்.

எல்லா இடத்திலும் ஒரே போன் நம்பர். மணி அடிக்கிறது. எடுத்துப் பேசுகிறார்கள். மாதக் கடைசியில், "எந்த விளம்பரத்தால் தொழில் வந்தது?" என்று கேட்டால், பதில் தெரியவில்லை.

பெரிய முதலாளிகளுக்கும் இந்தத் தலைவலி இருந்தது. ஜான் வானமேக்கர் என்பவர் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தின் பெரிய ஜவுளி வியாபாரி. 1922-ல் காலமானார். விளம்பரத்துக்குக் கொட்டுகிற பணத்தில் பாதி வீண் என்றும், அது எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை என்றும் அவர் சொன்னதாகச் சொல்வார்கள். இங்கிலாந்தில் சோப்பு வியாபாரி லீவர் பிரபுதான் அதைச் சொன்னவர் என்பாரும் உண்டு.

பெரிய முதலாளி பாதியை இழந்தாலும் தாங்குவார். சின்னக் கடைக்காரர் தாங்குவாரா? அவர் விளம்பரத்துக்குக் கொடுக்கும் பணம், பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளமாக இருக்கலாம். மனைவியின் வளையலை வைத்து வாங்கிய பணமாகவும் இருக்கலாம்!

கூப்பன் தந்திரம்

தபால் மூலம் சாமான் விற்ற அமெரிக்க வியாபாரிகள், இதற்கு அந்தக் காலத்திலேயே ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள்.

ஒரே விளம்பரத்தைப் பல பத்திரிகைகளில் போடுவார்கள். அடியில் ஒரு கூப்பன் இருக்கும். அதை வெட்டித் தபாலில் அனுப்ப வேண்டும். கூப்பனில் உள்ள விலாசம் மட்டும் பத்திரிகைக்குப் பத்திரிகை கொஞ்சம் மாறும். ஒன்றில் "இலாகா எண் 5" என்று இருக்கும். இன்னொன்றில் "இலாகா எண் 6" என்று இருக்கும்.

உண்மையில், இலாகா என்று ஒன்றும் கிடையாது! எல்லாக் கடிதங்களும் ஒரே மேஜைக்குத்தான் வரும். ஆனால் கடிதத்தைப் பார்த்ததுமே, எந்தப் பத்திரிகையைப் படித்தவர் எழுதியிருக்கிறார் என்று தெரிந்து விடும். மாதக் கடைசியில் கூப்பன்களை எண்ணுவார்கள். கூப்பன் வராத பத்திரிகைக்கு மறுமாதம் விளம்பரம் போகாது.

கிளாட் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்க விளம்பர நிபுணர், 1923-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். விளம்பரம் என்பது குருட்டாம்போக்கு வேலை அல்ல, எண்ணிப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை என்பதே அதன் சாரம். அவர் அந்தப் பாடத்தைக் கற்றுக் கொண்டது இந்தக் கூப்பன்களிடம்தான்.

நம்பரே கூப்பன்!

பிறகு டெலிபோன் பெருகியது. கடிதம் எழுதுவது குறைந்தது. 1967-ல் அமெரிக்காவில், கூப்பிடுகிறவருக்குச் செலவில்லாத "800" நம்பர்கள் வந்தன. போனை வாங்குகிற கம்பெனியே கட்டணத்தைக் கட்டியது. நம் நாட்டில் "1800" என்று தொடங்கும் நம்பர்களும் இந்த மாதிரிதான்.

கம்பெனிகள் பழைய கூப்பன் தந்திரத்தைப் போனுக்கும் கொண்டு வந்தன. பத்திரிகை விளம்பரத்துக்கு ஒரு நம்பர். டி.வி. விளம்பரத்துக்கு வேறு ஒரு நம்பர். எந்த நம்பரை அழுத்தினாலும் மணி அடிப்பது ஒரே இடத்தில்தான்! ஆனால், எந்த நம்பருக்கு எத்தனை போன் வந்தது என்ற கணக்கு மட்டும் தனித்தனியாக நிற்கும்.

இன்று இணையத்தில் இதையும் மிஞ்சி விட்டார்கள். ஒரு கம்பெனியின் பக்கத்தை இரண்டு பேர் பார்க்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒருவர் கூகுளில் தேடி வந்தவர். இன்னொருவர் முகநூல் விளம்பரத்தைத் தொட்டு வந்தவர். இருவருக்கும் அதே பக்கம்தான் தெரியும். ஆனால், அதில் உள்ள போன் நம்பர் ஆளுக்கு ஒன்றாக இருக்கும்! யந்திரமே நம்பரை மாற்றிக் காட்டுகிறது. இந்த வசதியை விற்பதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. மாதா மாதம் கட்டணம் வாங்குகின்றன.

பெரிய ஆஸ்பத்திரி, வீடு கட்டி விற்கும் கம்பெனி போன்றவர்கள் அந்தக் கட்டணத்தைக் கட்டலாம். சின்னக் கடைக்காரர் என்ன செய்வது?

அவருக்கு ஒரு 40 பக்க நோட்டும் ஒரு பென்சிலும் போதும்!

ஒரு காயில் கடை

உதாரணத்துக்கு ஒரு கடையை நினைத்துக் கொள்வோம்.

உடுமலைப்பேட்டையைப் போல, சுற்றிலும் தோட்டம் துரவு உள்ள ஓர் ஊர். அங்கே மோட்டாருக்குக் காயில் கட்டும் சின்னக் கடை. கணவன் வேலை பார்க்கிறார். மனைவி கடையில் உட்கார்ந்து போன் எடுக்கிறார். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

விளம்பரத்துக்கு மாதம் ரூ.9,000 செலவு. பேப்பருக்குள் வைக்கும் நோட்டீசுக்கு ரூ.3,000. ஆட்டோக்களின் பின்னால் எழுதியதற்கு ரூ.2,000. கேபிள் டி.வி.யில் எழுத்து ஓடுவதற்கு ரூ.4,000.

போன் ஓயாமல் வருகிறது. ஆனால், கையில் காசு நிற்கவில்லை. "எல்லா விளம்பரத்தையும் நிறுத்தி விடலாம்" என்கிறார் கணவர். "நிறுத்தினால் வருகிற போனும் வராமல் போய் விடுமே" என்று மனைவி பயப்படுகிறார்.

இருவர் சொல்வதும் நியாயம்தான். ஆனால், இருவருமே இருட்டில் நின்று பேசுகிறார்கள்!

மனைவி ஒரு நோட்டு எடுக்கிறார். கோடு போடுகிறார். தேதி, நேரம், என்ன வேலை, நம்பர் கிடைத்த இடம், வேலை வந்ததா என்று ஐந்து கட்டம். போன் வரும் போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கிறார்.

"ஏனுங்க, காயில் கட்டுற கடைங்களா?"

"ஆமாங்க, சொல்லுங்க."

"தோட்டத்து மோட்டார் புகைஞ்சு நின்னு போச்சுங்க. ஆள் வருவீங்களா?"

"வருவாங்க. எந்த ஊருங்க? நம்ம நம்பர் உங்களுக்கு எங்கே கிடைச்சுதுங்க?"

"சந்தைக்கு வந்தப்போ ஆட்டோவுக்குப் பின்னால பார்த்தனுங்க."

அவ்வளவுதான். அரை நிமிஷ வேலை. "ஆட்டோ" என்று நோட்டில் எழுதி விடுகிறார்.

கணக்கு பேசுகிறது

மாதம் முடிந்தது. கணவனும் மனைவியும் நோட்டை விரித்து வைத்துக் கூட்டிப் பார்க்கிறார்கள்.

நோட்டீசைப் பார்த்து 30 போன். அதில் வேலை ஆனது 3.

ஆட்டோவைப் பார்த்து 5 போன். அதில் வேலை ஆனது 4.

கேபிள் டி.வி.யைப் பார்த்து 8 போன். அதில் வேலை ஆனது 1.

போனை மட்டும் எண்ணினால் நோட்டீஸ்தான் ராஜா! 3,000 ரூபாய்க்கு 30 போன் என்றால், ஒரு போனுக்கு அடக்கம் ரூ.100. ஆட்டோவில் ஒரு போனுக்கு அடக்கம் ரூ.400 ஆகிறது. ஆட்டோவை நிறுத்தி விடலாமா?

கூடாது! போன் வேறு, வேலை வேறு. வேலையை எண்ணிப் பாருங்கள். நோட்டீசில் ஒரு வேலைக்கு அடக்கம் ரூ.1,000. ஆட்டோவில் ரூ.500. கேபிள் டி.வி.யில் ரூ.4,000!

ஒரு வேலைக்குக் கம்பி, பேரிங், கூலி எல்லாம் போக ரூ.800 மிஞ்சுகிறது என்று வைத்துக் கொள்வோம். ஆட்டோவால் கிடைத்தது 3,200 ரூபாய். செலவு 2,000. லாபம் 1,200. நோட்டீசால் கிடைத்தது 2,400. செலவு 3,000. நஷ்டம் 600. கேபிள் டி.வி.யால் கிடைத்தது 800. செலவு 4,000. நஷ்டம் 3,200.

மூன்றையும் சேர்த்தால், மாதம் முழுவதும் 43 முறை மணி அடித்தும், கடைக்கு 2,600 ரூபாய் நஷ்டம்!

மணிச் சத்தம் காதுக்கு இனிப்பாக இருந்தது. பெட்டி காலியாகிக் கொண்டிருந்தது.

காரணம் என்ன? நோட்டை மறுபடியும் படித்தால் அதுவும் தெரிகிறது. நோட்டீஸ் பார்த்தவர்களில் பலர், "எவ்வளவு ஆகும்?" என்று விலை மட்டும் கேட்டவர்கள். டவுனில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மோட்டார் ஏது? ஆனால் ஆட்டோக்கள் நின்றதோ சந்தைக்குப் பக்கத்தில். அங்கே வருகிறவர்கள் விவசாயிகள். அவர்களுக்குத் தோட்டத்தில் மோட்டார் உண்டு. எரிந்தால் அன்றே கட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் பயிர் வாடும்.

விளம்பரம் நல்லதா, கெட்டதா என்பதை விட, அது யார் கண்ணில் படுகிறது என்பதே முக்கியம்!

காசில்லாத விளம்பரம்

நோட்டில் இன்னொரு ஆச்சரியமும் இருந்தது. "முன்பு வேலை செய்து கொடுத்தீர்கள்" என்றும், "பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னார்" என்றும் 20 போன் வந்திருந்தது. அதில் 12 வேலை ஆகியிருந்தது. இதற்குச் செலவு ஒரு பைசா கிடையாது.

இதைப் பார்த்ததும் மனைவிக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. வேலை முடிந்த ஒவ்வொரு மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியிலும், கடையின் பெயரும் நம்பரும் உள்ள ஒரு ஸ்டிக்கரை ஒட்டி விட்டால் என்ன? அடுத்த முறை மோட்டார் நின்றால், விவசாயி முதலில் போய் நிற்பது அந்தப் பெட்டிக்கு எதிரேதான். நம்பர் கண் முன்னால் இருக்கும்!

கேபிள் டி.வி. நிறுத்தப்படுகிறது. அதில் மிஞ்சிய பணத்தில் ஸ்டிக்கர் அச்சடிக்கப்படுகிறது. நோட்டீஸ் டவுனுக்குப் பதிலாகச் சுற்றுக் கிராமங்களுக்குப் போகிறது. மறுமாதமும் நோட்டு எழுதப்படுகிறது.

வாய்ச் சொல் மட்டும் போதாது

இங்கே ஒரு எச்சரிக்கை.

"எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டால், எல்லோரும் சரியாகச் சொல்வதில்லை. பொய் சொல்ல வேண்டும் என்பதல்ல, மறதிதான் காரணம். பேப்பரில் விளம்பரமே கொடுக்காத கடைக்கு, "பேப்பரில் பார்த்தேன்" என்று போன் வருவது உண்டு! ஆட்டோவில் பெயரைப் பார்த்தவர், நம்பர் மறந்து, வீட்டுக்குப் போய் கூகுளில் தேடிக் கூப்பிடுவார். "கூகுளில் பார்த்தேன்" என்பார். ஆட்டோ செய்த உதவி மறைந்து போகும். அதனால், "முதலில் எங்கே கேள்விப்பட்டீர்கள்?" என்று இன்னொரு வார்த்தையும் கேட்பது நல்லது.

மறதிக்கு மருந்தாகச் சில எளிய வழிகள் உண்டு.

ஒன்று, நோட்டீசின் கலர். கிழக்குப் பக்கத்து ஊர்களுக்கு மஞ்சள் தாள். மேற்குப் பக்கத்து ஊர்களுக்கு ரோஸ் தாள். போன் வந்ததும், "கையில் இருக்கும் நோட்டீஸ் என்ன கலர்?" என்று கேட்டால் போதும். படிக்கத் தெரியாதவரும் பதில் சொல்லி விடுவார்!

இரண்டு, நோட்டீசைக் கொண்டு வந்தால் 50 ரூபாய் தள்ளுபடி என்று போடுவது. வருகிற நோட்டீசை எண்ணி வைக்கலாம். இது பழைய அமெரிக்கக் கூப்பனின் தம்பி.

மூன்று, இரண்டு சிம் போடும் செல்போன். ஒரு நம்பரை ஆட்டோவில் எழுதலாம். இன்னொரு நம்பரை நோட்டீசில் போடலாம். எந்த சிம்முக்குப் போன் வருகிறது என்று செல்போனே காட்டி விடும். கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால், சிம் வாங்கும் முன் யோசிக்க வேண்டும். சுவரில் எழுதிய நம்பர் பல வருஷம் இருக்கும். காலண்டர் ஒரு வருஷம் தொங்கும். நடுவில் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால், அந்த நம்பர் கையை விட்டுப் போய் விடும். பிறகு வேறு ஒருவருக்குக் கொடுக்கப்பட்டு விடும். காயில் கட்டக் கூப்பிடுகிறவர்கள், சம்பந்தமில்லாத யாரையோ தூக்கத்திலிருந்து எழுப்புவார்கள்! எனவே கடைப் பலகையிலும் ஸ்டிக்கரிலும், என்றும் மாறாத பழைய நம்பரே இருக்க வேண்டும்.

நான்கு, கூகுள் வரைபடம். இதில் கடையைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. எத்தனை பேர் அங்கிருந்து கூப்பிடும் பொத்தானைத் தொட்டார்கள் என்ற கணக்கும் கடைக்காரருக்குத் தெரியும்.

அவசரப்படக் கூடாது

ஒரு மாதக் கணக்கை வைத்து எதையும் முடிவு கட்டி விடக் கூடாது. 5 போனில் 4 வேலை என்பது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். மூன்று மாதமாவது எழுதிப் பார்த்தால்தான் நிஜம் தெரியும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். கோடையில் கிணற்றில் தண்ணீர் இறங்கும். மோட்டார் அதிக நேரம் ஓடும். வோல்டேஜ் குறையும். காயில் எரியும். சித்திரையில் போன் கூடுகிறது என்றால், அது வெயிலின் வேலை. அந்த மாதம் புதிதாகக் கொடுத்த விளம்பரம் அந்தப் பெருமையைத் தட்டிக் கொண்டு போகப் பார்க்கும்! சென்ற வருஷம் சித்திரையில் எத்தனை போன் வந்தது என்று நோட்டில் இருந்தால், ஏமாற வேண்டியதில்லை.

மிஸ்டு கால்

போனைக் கொண்டு கணக்குப் பார்ப்பதில் நம் நாட்டுக்கென்று ஒரு தனி வழியும் உண்டு. அதுதான் மிஸ்டு கால்!

2003-ம் ஆண்டு மே மாதத்திலிருந்து, நம் நாட்டில் செல்போனுக்கு வருகிற அழைப்புக்குக் கட்டணம் இல்லை. கூப்பிடுகிறவருக்கு மட்டுமே செலவு. அதுவும் எதிர்முனையில் எடுத்தால்தான் செலவு. இதைக் கண்டுகொண்ட ஜனங்கள், ஒரு மணி அடித்து விட்டு வைத்து விடுவார்கள். "வந்து சேர்ந்து விட்டேன்", "நீயே கூப்பிடு" என்று அதற்கு ஆயிரம் அர்த்தம்!

இந்தப் பழக்கத்தை முதலாகப் போட்டு, 2010-ல் பெங்களூரில் ஜிப்டயல் என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. பெரிய கம்பெனிகள் விளம்பரத்தில் ஒரு நம்பரைக் கொடுத்து, "மிஸ்டு கால் கொடுங்கள்" என்று கேட்டன. ஜனங்கள் கொடுத்தார்கள். எந்த விளம்பரத்துக்கு எத்தனை மிஸ்டு கால் என்ற கணக்குத் தானாகவே சேர்ந்தது. 2015-ல் அமெரிக்காவின் ட்விட்டர் கம்பெனி ஜிப்டயலை விலை கொடுத்து வாங்கியது.

காசு மிச்சம் பிடிக்கக் கண்டுபிடித்த தந்திரம், கம்பெனி நடத்தும் தொழிலாகவே ஆகி விட்டது!

எடுக்காத போன்

சின்னக் கடைக்காரருக்கு மிஸ்டு கால் வேறு ஒரு பாடத்தையும் சொல்கிறது.

ராத்திரி கடையை மூடும் முன், செல்போனில் சிவப்பாகத் தெரியும் அழைப்புகளை எண்ணிப் பார்க்க வேண்டும். காயில் கட்டுகிறவர் கிணற்று மேட்டில் கிரீஸ் கையோடு நிற்கிறார். மனைவி பிள்ளையை அழைத்து வரப் பள்ளிக்கூடம் போயிருக்கிறார். அந்தப் பத்து நிமிஷத்தில் வந்த போன், எடுக்கப்படாமல் போகிறது.

மோட்டார் எரிந்தவர் காத்திருப்பாரா? அடுத்த கடையைக் கூப்பிட்டு விடுவார். நாம் காசு கொடுத்து வரவழைத்த போன், பக்கத்துக் கடைக்குப் போய் விடுகிறது. ஸ்ட்ரோஜருக்கு நடந்ததாகச் சொன்ன கதையேதான்! குறுக்கே யாரும் நிற்கவில்லை. நாமே நம் போனைத் திருப்பி விடுகிறோம்.

புது விளம்பரத்துக்குப் பணம் தேடும் முன், வருகிற போனை எடுக்க ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எடுக்க முடியாமல் போனால், உடனே திருப்பிக் கூப்பிட வேண்டும். இதற்கு ஒரு செலவும் இல்லை.

இன்னொன்று. வேலைக்காகக் கூப்பிட்டவரின் நம்பரை வைத்துக் கொண்டு, நாளுக்கு நாலு முறை விளம்பரம் அனுப்பித் தொல்லை கொடுக்கக் கூடாது. வேண்டாத விளம்பர அழைப்புகளைத் தடுக்க, 1909 என்ற நம்பரில் பதிவு செய்து கொள்ள ஜனங்களுக்கு வழி இருக்கிறது. நம்பிக் கொடுத்த நம்பர் அது. அந்த நம்பிக்கை போனால், எந்த விளம்பரமும் அதைத் திரும்பக் கொண்டு வராது.

ஸ்ட்ரோஜர் என்ன ஆனார்?

ஸ்ட்ரோஜர் 1896-ல் தன் காப்புரிமைகளை 1,800 டாலருக்கு விற்றார். 1898-ல் கம்பெனியில் இருந்த தன் பங்கை 10 ஆயிரம் டாலருக்கு விற்றார். 1902-ல் புளோரிடா மாநிலத்தில் காலமானார். அவருடைய காப்புரிமைகள் 1916-ல் மறுபடியும் கை மாறின. அப்போது விலை எவ்வளவு தெரியுமா? 25 லட்சம் டாலர்!

அவருக்குப் போன் வராமல் போனதற்கு, எக்ஸ்சேஞ்சுப் பெண் காரணம் என்ற கதையை முதலில் பார்த்தோம். இன்னொரு கதையும் உண்டு.

டெலிபோன் கம்பெனி ஆட்கள் அவருடைய கடைக்கு வந்து பார்த்தார்களாம். வாசலில் ஒரு தகரப் பலகை தொங்கிக் கொண்டிருந்தது. ஸ்ட்ரோஜரின் சொந்த விளம்பரப் பலகை அது! காற்றடிக்கும் போதெல்லாம் அந்தப் பலகை ஆடி, டெலிபோன் கம்பியின் மேல் பட்டது. உடனே லைன் செத்துப் போனது. போன் வராததற்கு அதுதான் காரணமாம்!

இந்தக் கதை நிஜமானால், ஒரு பாவமும் அறியாத பெண்ணின் மேல் அவர் பழி போட்டு விட்டார். போன் வந்த நாளையும் வராத நாளையும் ஸ்ட்ரோஜர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால், "காற்றடித்த நாளில் போன் வரவில்லை" என்பது பத்து நாளில் தெரிந்திருக்கும். பலகையை இறக்கி மாட்டியிருப்பார். தொழிலும் நடந்திருக்கும்.

உலகத்துக்கு ஆட்டோமேடிக் டெலிபோன் கிடைக்கக் கொஞ்சம் தாமதம் ஆகியிருக்கலாம். ஆனால், எல்லாக் கடைக்காரரும் யந்திரம் கண்டுபிடித்துத் தப்பித்து விட முடியுமா? முடியாது.

நோட்டு எழுதுவது எல்லோராலும் முடியும்.